200 எம்பிபிஎஸ் என்றால் எத்தனை பவுன்?

ஆடி மாசம் எங்கள் தொழிலுக்கு ஓய்வு. கல்யாண வீடியோ எடுப்பவனுக்கு ஆடியில் என்ன வேலை, கேமராவைத் துடைப்பது, பழைய பாக்கியை வசூல் செய்வது, பேப்பரை முழுசாகப் படிப்பது. அப்படி ஒரு காலையில் பேப்பருக்குள்ளிருந்து ஒரு பிட் நோட்டீஸ் விழுந்தது. மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. "200 எம்பி ஸ்பீடு ஃபைபர் நெட், மாதம் 699 மட்டுமே, அன்லிமிடெட்." அடியில் கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் ஜிஎஸ்டி தனி.

எனக்கு அப்போது நல்ல நெட் தேவைப்பட்டது. நான் எடுப்பது கும்பகோணத்தில், எடிட்டிங் செய்வது சென்னையில் இருக்கும் நண்பர். இதுவரை ஹார்ட் டிஸ்க்கைத் துணியில் சுற்றி, தெர்மாகோல் வைத்துப் பார்சல் கட்டி, பஸ்ஸில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். வைகாசியில் ஒரு டிஸ்க் போய்ச் சேர்ந்தபோது உள்ளே கடகடவென்று சத்தம். நல்ல வேளை, இங்கே இன்னொரு பிரதி இருந்தது, இல்லாவிட்டால் பெண் வீட்டார் என்னை என்ன செய்திருப்பார்கள் என்று நினைக்கவே வேண்டாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இனிமேல் எல்லாம் நெட்டில்தான்.

கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. இணைப்பு கொடுத்த கேபிள்காரர் தினமும் தெருவில் முகம் பார்க்கிறவர், அதுவும் ஒரு காரணம். பெயர் தெரியாவிட்டாலும், இதே மாதிரி ஃபைபர் போட்டிருக்கிற யாருக்கும் நான் பட்ட பாடு உதவும். 699-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 825 ரூபாய். மூன்று மாதம் சேர்த்துக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம் என்றார்கள், 2,475 கட்டினேன்.

மறுநாளே ஆள் வந்தான், அதற்கு முழு மார்க். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுப் பையன், சுவரில் ஓட்டை போட்ட தூசியைக்கூட அவனே கூட்டி அள்ளினான். பெட்டியை மாட்டி, தன் போனில் வைஃபை போட்டு வேகம் பார்த்தான், 190 சொச்சம் வந்தது. "சூப்பரா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு, பின்னால் இருக்கும் ஸ்டுடியோ அறைக்கு ஒரு லேன் வயர் இழுத்து, அங்கே ஏற்கெனவே இருந்த என் பழைய ரூட்டரில் சொருகிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

அன்று இரவு ஒரு மணி நேரக் காட்சி, 45 ஜிபி, நண்பரின் ஆபீஸ் சர்வருக்கு ஏற்றினேன். ஃபைல் ஏற்ற நான் வைத்திருக்கும் ஃபைல்ஸில்லா என்ற மென்பொருளில் வேகம் 11.2 என்று நிற்கிறது. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், 11.2-க்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். 200 கேட்டவனுக்கு 11. எனக்கு வந்த கோபத்தில் காலை ஒன்பது மணி வரைக்கும் பொறுக்கவில்லை, எட்டரைக்கே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் பொறுமைசாலி. நான் கத்தி முடித்த பிறகு சொன்னார்: "சார், நாங்க கொடுக்கறது எம்பிபிஎஸ். நீங்க பாக்கறது எம்பிபிஎஸ். ரெண்டும் வேற சார்."

இதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் சொன்னது சரி என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. ஆங்கிலத்தில் எழுதும்போது எம்முக்கு அடுத்து வரும் பி-யைச் சின்னதாகப் போட்டால் நொடிக்கு மெகாபிட், பெரிதாகப் போட்டால் நொடிக்கு மெகாபைட். வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றுதான். தமிழில் எழுதினாலும் ஒன்றுதான், நமக்குச் சின்ன எழுத்து பெரிய எழுத்து என்ற பேதமே கிடையாதே. போதாக்குறைக்கு அதே எழுத்துகளைத்தான் டாக்டர் பட்டத்துக்கும் போடுகிறோம், முதல் பாதியை மட்டும் சொன்னால் நாடாளுமன்ற உறுப்பினர். தமிழில் நெட் விளம்பரம் செய்கிறவர்கள் 'எம்பி' என்று போடுவதை நிறுத்திவிட்டு 'மெகாபிட்' என்று முழுசாக எழுதினால் இந்தக் குழப்பத்தில் பாதி இருக்காது. எழுத மாட்டார்கள். பைட்டில் சொன்னால் 200 என்ற எண் 25 ஆகிவிடும், மஞ்சள் நோட்டீஸில் 25 என்று சிவப்பில் போட்டால் யார் வாங்குவார்கள்?

ஒரு பைட்டுக்கு எட்டு பிட். லைனின் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், ஃபைலின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். பிரவுசரில் டவுன்லோடு ஓடும்போது காட்டுவது பைட், சில போன்களில் மேலே ஓரமாக ஓடும் கேபி கணக்கும் பைட்தான், வேகம் பார்க்கும் ஃபாஸ்ட் டாட் காம், ஸ்பீட்டெஸ்ட் எல்லாம் காட்டுவது பிட். இதை நான் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது அவர் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார், "எட்டு கிராம் ஒரு பவுன் மாதிரியாடா?" அவ்வளவுதான். கல்யாண வீடுகளிலேயே காலத்தை ஓட்டுகிறவன் நான், எனக்கு இது தோன்றவில்லை. 200 கிராம் என்று விற்கிறார்கள், நாம் 200 பவுன் என்று நினைத்துக்கொண்டு பை எடுத்துப் போகிறோம், கையில் வருவது 25 பவுன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கிராம் என்ற சொல்லைச் சன்னமாகச் சொன்னார்.

இதில் எனக்கே வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. என் சோனி கேமராவில் 4கே பதிவுக்கு 100எம் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, வருஷக்கணக்காக அதில்தான் எடுக்கிறேன். அது நொடிக்கு 100 மெகாபிட். மெமரி கார்டில் வி30 என்று போட்டிருக்கும், அது நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுத முடியும் என்பதற்கான குறி. கேமரா பிட்டில் பேசுகிறது, கார்டு பைட்டில் பேசுகிறது. 30 பெரிதா 100 பெரிதா என்று ஒரு நாளாவது யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்: 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5, கார்டு தாராளமாகத் தாங்கும். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி என்ற கணக்கும் அதிலிருந்து வருவதுதான், 12.5-ஐ 3600-ஆல் பெருக்கிப் பாருங்கள். இத்தனை நாள் 45 ஜிபி என்பதை மனப்பாடமாக வைத்திருந்தேனே தவிர, எங்கிருந்து வருகிறது என்று கேட்டதில்லை.

சரி, எட்டால் வகுத்தாகிவிட்டது. 200 மெகாபிட் என்றால் 25 மெகாபைட் வர வேண்டும். எனக்கு வந்தது 11 சொச்சம். பாதிகூட இல்லையே? இதை மறுபடி போன் செய்து சொன்னபோதுதான் கம்பெனி சறுக்கியது. முதலில் பேசிய பெண் சொன்னது சரியான பதில், ஆனால் அந்தப் பதிலையே எல்லாப் புகாருக்கும் தைலம் மாதிரித் தடவுகிறார்கள். "சார் எட்டால வகுக்கணும் சார்." வகுத்துவிட்டுத்தானம்மா பேசுகிறேன். இரண்டாவது புகாருக்கு ஆள் வந்தான், அதே பையன், மறுபடி போனில் வைஃபை, மறுபடி 190. "லைன் பக்காண்ணே, உங்க லேப்டாப்தான் பழசு." லேப்டாப்பில் ஸ்பீட்டெஸ்ட் போட்டுக் காட்டினேன். 94. இன்னொரு தடவை, 94. ஏற்றும் வேகமும் 94. அவன் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டான்.

இந்த 94-தான் துப்பு. அது எனக்கு அப்போது தெரியாது, சென்னை நண்பர் போனிலேயே சொன்னார், "94 வருதுன்னா எங்கேயோ ஒரு 100 மாட்டிக்கிட்டிருக்கு, தேடு." நகைக் கணக்கிலேயே சொல்கிறேன், இது சேதாரம். டேட்டா லைனில் மொத்தமாகக் கொட்டப்படுவதில்லை, சின்னச் சின்னப் பொட்டலமாகப் போகிறது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி, எண், சரிபார்க்கும் குறி எல்லாம் ஒட்ட வேண்டும், அடுத்த பொட்டலத்துக்கு முன் கொஞ்சம் இடைவெளியும் விட வேண்டும். வழக்கமான கணக்குப்படி லேன் வயரில் 1538 பைட் இடம் பிடிக்கும் ஒரு பொட்டலத்துக்குள் நம்முடைய சரக்கு 1460 பைட். வகுத்தால் 95 சதவீதத்துக்கு ஒரு நூல் குறைவு. ஆக 100 மெகாபிட் வயரில் எவ்வளவு முக்கினாலும் 94 சொச்சம்தான். உங்கள் பிளான் 150, 200, 300 எதுவாக இருந்தாலும் சரி, டெஸ்டில் 93, 94, 95 என்றே வந்து நின்றால் நெட்டைத் திட்டாதீர்கள், வழியில் எங்கோ 100-ஐத் தாண்டாத ஒரு ஓட்டை இருக்கிறது.

நான் முதலில் பிடித்த ஓட்டை என்னுடையது. அந்தப் பழைய ரூட்டர். வாங்கும்போது டப்பாவில் பெரிதாக 300 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் லேன் ஓட்டைகள் எல்லாம் 10/100, அதாவது அதிகபட்சமே 100. அந்த 300 என்பது வைஃபை காற்றில், இரண்டு ஆன்டெனாவும் முழு அகலத்தில் ஓடும்போது காகிதத்தில் வரும் கணக்கு. உள்ளே வரும் வாசலே 100, வீட்டுக்குள் 300-க்கு ஓடினால் என்ன, 3000-க்கு ஓடினால் என்ன. இந்த மாதிரி ரூட்டர் இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது, வாங்கும் முன் டப்பாவின் முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பாருங்கள்.

ரூட்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை நேராகப் பெட்டியிலிருந்து வரும் வயரில் சொருகினேன். மறுபடி 94! அந்த நிமிஷம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி பஸ் பார்சலுக்கே போய்விடலாமா என்று இருந்தது. (சும்மா விளையாட்டாக அந்தக் கணக்கையும் போட்டேன். 2 டிபி டிஸ்க் ஏழு மணி நேரத்தில் சென்னை போய்ச் சேர்ந்தால் நொடிக்குச் சுமார் 635 மெகாபிட். நம்ம ஊர் பஸ்ஸுக்கு முன் என் 200 பிளான் நிற்காது, டிஸ்க் உடையாமல் போனால்.)

மூன்றாவது புகார். பதினோராவது நாள். இந்தத் தடவை வந்தவர் வயசானவர், கேபிள் டிவி காலத்திலிருந்தே இந்த வேலை செய்கிறவராம். போனைக் கையில் எடுக்கவே இல்லை. லேப்டாப்பில் விண்டோஸ் செட்டிங்கைத் திறந்து, லேன் இணைப்பில் லிங்க் ஸ்பீடு என்ற வரியைக் காட்டினார்: 100/100. "இது ஆயிரம்னு இருக்கணும் தம்பி." எழுந்து பெட்டியிடம் போனார். அந்தப் பெட்டியில் நாலு லேன் ஓட்டை. முதல் ஓட்டை மட்டும் கிகாபிட், அதாவது 1000 மெகாபிட், மற்ற மூன்றும் 100. முதல் நாள் வந்த பையன் வயரை மூன்றாவதில் சொருகியிருந்தான். இவர் பிடுங்கி முதலாவதில் சொருகினார். 196.

பதினோரு நாள், மூன்று புகார், என் தொண்டை, எல்லாம் இரண்டு அங்குல தூரத்துக்கு. அவர் டீ குடித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். லேன் வயருக்குள் எட்டுக் கம்பி இருக்கும், 100-க்கு நாலு கம்பி போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். சிலர் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரே வயரை இரண்டாகப் பிரித்து நாலு நாலாகக் கிரிம்ப் செய்து இரண்டு இணைப்புக் கொடுத்துவிடுவார்கள், சிசிடிவி போடும் இடங்களில் இது சகஜம், ஒரு கம்பி அறுந்தாலும் அதே கதைதான், லைன் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும், நெட் வேலை செய்துகொண்டே இருப்பதால் யாருக்கும் தெரியாது. இவரைப் போல ஒருவரை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனி ஏன் முதல் புகாருக்கே அனுப்பவில்லை என்பதுதான் என் கேள்வி.

அதன் பிறகு? அதன் பிறகு நிஜமாகவே நல்ல இணைப்பு. ஆவணியில் சரியான வேலை. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, சேர்த்து ஏழு மணி நேரக் காட்சி, 315 ஜிபி. 94-இல் இதை ஏற்ற ஏழரை மணி நேரம் ஆகும், இப்போது மூன்றரை மணி நேரம். மண்டபத்திலிருந்து வந்து, குளித்து, இரவு பதினொன்றுக்குப் போட்டுவிட்டுப் படுத்தால் இரண்டரைக்கு முடிந்திருக்கிறது. வேகத்தை விடவும் எனக்குப் பிடித்தது, ஏற்றும் வேகமும் இறக்கும் வேகமும் ஒன்றாகக் கொடுக்கிறார்கள். வாங்கும் முன் இதை எல்லோரும் கேட்க வேண்டும். 200 என்று சொல்லிவிட்டு ஏற்றுவதற்கு 20 மட்டும் கொடுக்கும் பிளான்களும் உண்டு, படம் பார்க்கிறவருக்கு அது போதும், என்னைப் போல அனுப்புகிறவனுக்கு 20 என்றால் அதே 315 ஜிபிக்கு ஒன்றரை நாள்.

இன்னொரு சின்னக் குழப்பமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். 196-ஐ எட்டால் வகுத்தால் 24.5, ஆனால் ஃபைல்ஸில்லா காட்டுவது 23.3. மறுபடி ஏமாற்றா என்று பயந்தேன். லைன்காரர்களின் மெகா என்றால் பத்து லட்சம், கிலோ என்றால் ஆயிரம். கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு 1024 மேல் ஒரு காதல். 1998-இலேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கு கிபி, மெபி என்று தனிப் பெயர் வைத்துவிட்டது, ஃபைல்ஸில்லா அந்த மெபியில் ஒழுங்காகக் காட்டுகிறது, விண்டோஸ் மட்டும் 1024-ஆல் வகுத்துவிட்டு இன்னும் பழைய எம்பி, ஜிபி பெயரையே போடுகிறது. இதனால் எனக்குத் தொழிலில் ஒரு நிரந்தரத் தொல்லை. கல்யாண ஆல்பத்தோடு 1 டிபி டிஸ்க்கில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தால் பெண்ணின் அப்பா போன் செய்வார், "தம்பி, 1 டிபின்னு காசு வாங்கினீங்க, 931 ஜிபிதான் காட்டுது, மிச்சம் எங்கே?" ஆப்பிள் கம்ப்யூட்டரில் சொருகினால் 1 டிபி என்றே காட்டும், அவர்கள் 2009-இலேயே ஆயிரத்துக்கு மாறிவிட்டார்கள். ஆனால் பெண்ணின் அப்பாவிடம் போய் ஆப்பிள் வாங்குங்கள் என்றா சொல்வது.

பிட்டில் சொல்வது கம்பெனிகள் நம்மை ஏமாற்றக் கண்டுபிடித்தது என்று நானும் முதலில் நினைத்தேன், அது அநியாயமான குற்றச்சாட்டு. பிட் என்ற பெயர் அச்சில் வந்தது 1948-இல், பெல் ஆய்வகத்தின் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையில், பெயர் ஜான் டூக்கி சொன்னது என்று அவரே எழுதியிருக்கிறார். பைட் அதற்குப் பின், 1956-இல், ஐபிஎம்மில் வெர்னர் புக்ஹோல்ஸ் வைத்த பெயர். கடித்தல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத்தான் எடுத்தார், ஆனால் யாராவது ஒரு எழுத்தைத் தவறவிட்டால் பிட் ஆகிவிடும் என்று வேண்டுமென்றே எழுத்துக்கூட்டலை மாற்றினார். மனுஷன் அன்றைக்கே ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார், பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒரே எழுத்தாகச் சுருக்கி அவர் உழைப்பை வீணாக்கிவிட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பது நிலையாகவும் இல்லை, மெஷினுக்கு மெஷின் மாறும். ஆகவே கம்பி போடுகிறவர்கள் பிட்டையே எண்ணினார்கள், ஒவ்வொன்றாகக் கம்பியில் போவது அதுதானே. டயல் அப் மோடம் காலத்தில் 56 கிலோபிட் என்றோம், எட்டால் வகுத்தால் 7 கிலோபைட், அதுவும் முழுசாக வராது. பிரவுசிங் சென்டரில் ஒரு பாட்டு இறக்கக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இது புரியும்.

இந்த அன்லிமிடெட் கதைக்கு வருகிறேன். நோட்டீஸில் அன்லிமிடெட், ஒப்பந்தத் தாளில் மாதம் 3300 ஜிபி. அதே தாளில் வேகம் பிட்டில், அளவு பைட்டில், எது பெரிதாகத் தெரியுமோ அதற்கு அந்த அலகு. 3300 ஜிபி என்றால் கடல் மாதிரித் தெரிகிறது, 200 மெகாபிட்டில் நிறுத்தாமல் ஓட்டினால் 37 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சாதாரண வீட்டுக்கு இது ஏகம், சந்தேகமே இல்லை, 4கே படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 மெகாபிட்தான். எனக்கு ஆவணியில் எட்டுக் கல்யாணம், ஏற்ற வேண்டியது மட்டும் 2520 ஜிபி, எடிட் செய்து அங்கிருந்து இறக்கியது தனி, வீட்டில் சீரியல் தனி. 26-ஆம் தேதி வேகம் 5 மெகாபிட்டுக்கு விழுந்தது. ஒரு மணி நேரக் காட்சிக்கு 20 மணி நேரம். கடைசிக் கல்யாணத்தின் டிஸ்க் மறுபடி பஸ் ஏறியது. இதைக் கம்பெனி தவறு என்று சொல்ல மாட்டேன், தாளில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. அளவு தீர்ந்த பிறகு வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றும், அது 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்றும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-இலேயே உத்தரவு போட்டிருக்கிறது. இவர்கள் 5 மெகாபிட் கொடுக்கிறார்கள், சட்டப்படி பார்த்தால் தாராளம். 2004-இல் நம் அரசாங்கம் பிராட்பேண்ட் என்றால் என்ன என்று வரையறுத்தபோது 256 கிலோபிட் இருந்தால் போதும் என்றது, அதாவது 32 கிலோபைட். 2013-இல் 512 ஆனது, 2023 ஜனவரியில்தான் 2 மெகாபிட் ஆனது. இரவு இரண்டு மணிக்கு மேல் இலவசம் என்று அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்ட தலைமுறை நாங்கள், 5 மெகாபிட்டைத் திட்ட வாய் வரவில்லை.

வைஃபை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டி இருக்கும் கூடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 190, மாடியில் அது எட்டாது, 2.4-இல் 40 வந்தால் பெரிது. போனில் இணைப்பு வேகம் 72 என்று காட்டும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம், அது போனும் பெட்டியும் காற்றில் கைகுலுக்கிக்கொள்ளும் வேகம், அதில் பாதி கையில் வந்தால் சந்தோஷம்.

சாயங்காலம் எட்டு முதல் பத்து வரை 120, 140 என்று இறங்குகிறது. பெரியவரிடம் கேட்டேன், எங்கள் தெருவில் ஒரு ஃபைபர் இழையை 32 வீட்டுக்குப் பிரித்திருக்கிறார்களாம். இந்த ஜிபான் முறையில் அந்த ஒரு இழைக்கு இறக்க சுமார் 2.5 கிகாபிட், ஏற்ற 1.25. எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் ஆளுக்கு 78 மெகாபிட்தான் வரும், எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை என்பதால் வண்டி ஓடுகிறது. நான் இரவு பதினொன்றுக்கு மேல்தான் ஏற்றுகிறேன், எனக்குக் கவலையில்லை. வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை செய்கிறவர்களுக்கும் இது பெரிய குறை ஆகாது, வீடியோ மீட்டிங்குக்கு நாலைந்து மெகாபிட் இருந்தால் நடந்துவிடும்.

மூன்று மாதத்தில் இரண்டு தடவை லைன் அறுந்தது. முதல் தடவை ஐந்து மணி நேரத்தில் சரி செய்தார்கள். இரண்டாவது, பக்கத்துத் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியபோது ஜேசிபி வாரிக்கொண்டு போய்விட்டது, மறுநாள் மதியம் ஆனது. கரண்ட் போனால் பெட்டியும் போய்விடும், அதற்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று தனியாக வாங்கி வைத்தேன், ஃபைபர் லைனுக்கு வழியில் கரண்ட் தேவையில்லை என்பதால் தெருவே இருட்டானாலும் அப்லோடு ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய காப்பர் லைனில் மழை வந்தால் வரும் கொர்ர் சத்தம் எல்லாம் இதில் இல்லை, ஐப்பசி மழையில் ஒரு நாளும் வேகம் குறையவில்லை.

இந்த வாரம் புதுப்பிக்க வேண்டும். கேபிள்காரர் வந்தார், கையில் புது பிட் நோட்டீஸ். இந்த முறை பச்சைத் தாள், "300 எம்பி." நான் கேட்டேன், "மெகாபிட்டா மெகாபைட்டாண்ணே?" அவர் நோட்டீஸை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், "எம்பி தம்பி" என்றார். ஒரு வருஷத்துக்குக் கட்டினால் ஒரு மாதம் இலவசமாம். 200-லேயே மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறேன், அந்த ஜேசிபி அடுத்து எங்கள் தெருவுக்கு வருகிறது என்று கேள்வி.